கோரையும் கூலியும்

(தென்காசியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இமயமலைப் பிரதேசத்துக் கிராமப் பெண்களைக் கொண்டு நியாய வணிக முறையில் ஒரு கைத்தொழில் முயற்சியைத் தொடங்குவது பற்றி நான் பேசவேண்டும் என்று கழகத்தார் கட்டளையிட்டிருக்கிறார்கள். பராக்கிரம பாண்டியன் 1446-ஆம் ஆண்டில் விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கிய நாள் முதலாகக் காசியைத் தன் பெயரிலேயே தாங்கிவருகிற இந்த ஊருக்கு வடதிசையைப் பற்றிய பேச்சு அந்நியமாகத் தோன்றாது என்பது உண்மையே. ஆனாலும், பத்ரிநாத யாத்திரையின்போது பஸ் நின்ற இடத்தில் ஒரு கம்பளிக் குல்லாயைப் பேரம் பேசி வாங்கியதற்கு மேல் அந்த மலைப் பெண்களோடு கொடுக்கல் வாங்கல் உடையவர்கள் இந்தச் சபையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது எனக்கு ஐயமாகவே இருக்கிறது. ஆகையால் விஷயத்தை இமயத்திலே தொடங்கினாலும், அதிக நேரம் அங்கே தங்காமல், தாமிரபரணிக் கரைக்கு இறங்கி வந்துவிடுவதாக உத்தேசித்திருக்கிறேன்.

இறங்கி வருவதற்கு நமக்கு ஒரு பாதையும் ஏற்கெனவே இருக்கிறது. ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை 1936-ல் நிறுவிய சுவாமி சிவானந்தர், சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில் 1887-ல் பிறந்தவர். மலேயாவில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்து, பின்பு அதனை விட்டு, 1924-ல் கங்கைக் கரைக்குப் போய்ச் சேர்ந்தவர். அவர் துறந்து சென்ற லௌகீக வாழ்வின் அரிசி பருப்புக் கணக்கோடு அன்றாடம் மல்லாடிக்கொண்டே, அவர் பிறந்த அதே ஊரில், கோரையைக் கீறிப் பாய் நெய்கிற பெண்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். என் பேச்சின் பெரும்பகுதி அவர்களைப் பற்றியதாகவே இருக்கும்.

இமயத்தின் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குமாவூன், கடுவால் ஆகிய மலைநாடுகளின் வாழ்க்கையை ‘மணியார்டர் பொருளாதாரம்’ என்று சொல்லுகிற வழக்கம் வெகு காலமாக உண்டு. ஆண்மக்கள் பட்டாளத்துக்கோ சமவெளி நகரங்களில் ஓட்டல் வேலைக்கோ போய்விடுகிறார்கள். உழவைத் தவிர மற்றெல்லா வயல் வேலையும், மாட்டுக்குப் புல்லும், அடுப்புக்கு விறகும், ஊற்றிலிருந்து தண்ணீரும் பெண்களின் தலைமேல் ஏறிவிடுகின்றன. இந்த வேலைகளுக்கு இடையே கிடைக்கிற சிறு பொழுதுகளில்தான் அங்கே நூற்பும் பின்னலும் நடக்கவேண்டியிருக்கிறது. குலு பள்ளத்தாக்கில் 1944-ல் ஒரு சில நெசவாளர்கள் கூடித் தொடங்கிய புட்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் சால்வை நெய்து விற்கிறது. காந்தியடிகளின் சிஷ்யையாகிச் சரளா பென் என்று பெயர் பெற்ற ஆங்கில மாது ஒருவர் 1946-ல் கௌசானியில் மலைநாட்டுப் பெண்களுக்காக லட்சுமி ஆசிரமத்தைத் தொடங்கினார். நேபாளத்தில், அதே காந்தியடிகளிடம் ராட்டை கற்றுச் சென்ற துளசி மெஹர் என்பவர் ஆதரவற்ற பெண்களுக்கு ஆசிரமம் அமைத்தார். அவருடைய வழியிலே தோன்றிய மகாகுதி என்னும் ஸ்தாபனம் நியாய வணிக உலகத்தில் நன்கு அறியப்பட்டது. இமயத்தின் உச்சியிலே போய்த் தேடினாலும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் காந்தியடிகளின் சபர்மதியிலிருந்தும் வர்தாவிலிருந்தும் சென்ற சரக்குதான் என்பதை இங்கே கவனிக்கவேண்டும்.

உழைத்தவருக்கு நியாயமான கூலி சேரும்படி வாங்கி விற்கிற இந்த நியாய வணிக முறையின் சரித்திரத்தை மேனாட்டார் எழுதும்போது 1946-ஆம் ஆண்டில் தொடங்குவது வழக்கம். எட்னா ரூத் பைலர் என்னும் அமெரிக்க மாது அந்த ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குச் சென்று, அங்குள்ள ஏழைப் பெண்களின் பூத்தையல் வேலையைக் கண்டு, அதனை வாங்கி வந்து, தம் மோட்டார் காரின் பின்பெட்டியில் வைத்துத் தெரிந்தவர் அறிந்தவர்களிடமெல்லாம் விற்றார். அந்தக் கார்ப்பெட்டி வியாபாரமே நாளடைவில் ‘பத்தாயிரம் கிராமங்கள்’ என்னும் பெயருடைய பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. அந்த அம்மையாரின் பிரயத்தனத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1935-ல், நம் நாட்டில் உழைக்கிற பெண்ணுக்கு நியாயமான கூலி என்ன என்னும் பிரச்சினை எழுந்து, கடுமையான தர்க்கத்துக்கு உள்ளாகி, ஒருவாறு முடிவும் செய்யப்பட்டது. அந்தத் தர்க்கம் இன்றும் படித்தறியத் தக்கது.

அகில இந்திய சர்க்கா சங்கம் 1925-ல் தோன்றியது. பத்தாண்டுகள் கதர் வியாபாரம் நடந்த பிறகு, நூற்கின்ற பெண்ணின் கைக்கு நாளொன்றுக்குச் சேர்வது வெறும் காசுகளாகவே இருப்பதைக் காந்தியடிகள் எண்ணிப் பார்த்தார். எட்டு மணி நேரம் நூற்றவளுக்கு எட்டணா கிடைக்கவேண்டும் என்பது அவர் வைத்த இலக்கு. சங்கத்தின் அனுபவசாலிகள் பதறினார்கள். கூலியை உயர்த்தினால் துணியின் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குபவர் குறைவர். வாங்குபவர் குறைந்தால் நூற்பவளுக்கு உள்ள காசும் போய்விடும் என்பது அவர்களுடைய வாதம். அது சுயநலக்காரர்களின் வாதமன்று. கடை நடத்தி, ஸ்டாக் தேங்கி, கைகடித்துக்கொண்டவர்களின் வாதம். எட்டணாவை உடனே எட்ட முடியவில்லை என்றாலும், ஜீவனத்துக்குப் போதுமான குறைந்தபட்சக் கூலி என்ற தத்துவத்தைச் சங்கம் அந்த ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் காரியதரிசியாக அமர்ந்தவர், தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்ற நம் ஜே.சி. குமரப்பா. ஒரு பண்டத்தை வாங்குகிறவன் அதன் உற்பத்தியிலே நிகழ்ந்த நன்மை தீமைகளுக்கும் பங்காளி ஆகிறான் என்பது அவருடைய துணிபு. தம் அந்திம காலத்தில் இங்கிருந்து வெகு தூரமில்லாத தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் அவர் வசித்தார் என்பதை உங்களில் முதியவர்கள் அறிவீர்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, விலை என்ற ஒன்றைப் பற்றியே எல்லாரும் பேசுவது போதாது என்பதையும் சொல்லவேண்டும். பத்தமடைப் பெண்களுடைய வேலையைச் சற்று அருகிலிருந்து பார்த்தால் ஏன் போதாது என்பது விளங்கும்.

தாமிரபரணியின் கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் விளைகிற கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுக்கவேண்டும். அறுத்த கோரை வாடுவதற்கு முன்னே அதனைக் கீறியாக வேண்டும். ஒரு தண்டை நகத்தாலும் சிறு கத்தியாலும் பிளந்து, உள்ளே பஞ்சுபோல் இருக்கிற சோற்றை வழித்து எறிந்துவிட்டு, மேல்தோலை மட்டும் மெல்லிய இழைகளாக எடுப்பார்கள். இந்த வேலையில் பழகிய விரல்கள் கண்ணின் உதவியை எதிர்பார்ப்பதில்லை. பேசிக்கொண்டும், வாசலில் விளையாடுகிற குழந்தையை அதட்டிக்கொண்டும் கீறுகிற பெண்களை அந்தத் தெருக்களில் பார்க்கலாம். கீறிய இழைகளை வெயிலில் உலர்த்தி, பின்பு கட்டுக்கட்டாகக் கட்டி ஓடும் தண்ணீரில் நாட்கணக்காக ஊறப்போட வேண்டும். ஆற்றிலே ஊறிய கோரை பருத்து, மிருதுவாகி, பிறகு காயும்போது ஒரு மங்கிய பொன்னிறத்தைப் பெறுகிறது. சில நாள் கூடுதலாக ஊறிவிட்டால் அழுகிப்போகும். குறைந்தால் வளைக்கும்போது முறியும். அதன்பின்பு மறுபடியும் நுண்ணிதாகக் கிழித்து, சாயம் ஏற்றவேண்டியவற்றுக்கு ஏற்றி, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இழுத்துக் கட்டிய பாவின்மேல் குந்தி அமர்ந்து, ஒரு நீண்ட குச்சியின் நுனியில் கோரையைக் கோத்து, மேலும் கீழுமாக நுழைத்து, அச்சினால் அடித்து நெருக்குகிறார்கள்.

சாதாரணப் பாய் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். பட்டுப்பாய் என்று அவர்கள் சொல்லுகிற உயர்ந்த வகை இருக்கிறதே, அது வேறு ஜாதி. நெசவின் நெருக்கத்தைக் குறிக்கும் கணக்கில் 100 முதல் 140 கவுண்ட் வரை செல்லும் அந்தப் பாய்க்குப் பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக ஓடுகிறது. கோரை இழை ஏறக்குறைய நூலின் மென்மையைப் பெற்றுவிடுகிறது. முடிந்த பாயைத் துணிபோல மடித்துக் கைக்குள் அடக்கலாம். வாரக்கணக்கான வேலை அது. எலிசபெத் அரசியாரின் முடிசூட்டுக்கு ஒரு பாய் கப்பலேறிப் போன கதையை ஊரார் இன்றும் பெருமையோடு சொல்லுவார்கள். மணமகன், மணமகள் பெயர்களைக் கோரையிலேயே எழுத்தாக நெய்து கொடுக்கிற கல்யாணப் பாயும் அவ்வூரின் தனிச்சிறப்பு. நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். அந்தப் பாயில் உட்கார்ந்து தாலி கட்டிக்கொள்ளுகிறவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். இதைப் பற்றி எவரும் மேடை போட்டுப் பேசியதாக எனக்குத் தெரியாது. பேசாமலே பல தலைமுறையாக நடந்துவருகிறது.

இனி, இந்த வேலையைக் காலத்தின் கணக்கிலே வைத்துப் பாருங்கள். கோரை அறுக்கிற பருவத்தில் காசு வேண்டும், கோரை வாங்குவதற்கு. ஊறவைத்து உலர்த்தும் நாட்களில் வருமானம் இல்லை. நெய்கிற வாரங்களிலும் இல்லை. பாய் முடிந்து, கடைக்குப் போய், அங்கே ஒரு குற்றால சீசனையோ கல்யாண மாதத்தையோ எதிர்பார்த்துக் காத்திருந்து, விற்றுப் பணமாகித் திரும்ப வரவேண்டும். கோரையின் முதற்செலவுக்கும் பாயின் விலைக்கும் இடையே கிடக்கிற அந்த மாதங்களில் அவள் வீட்டு அடுப்பு எரியவேண்டும் அல்லவா? அந்த இடைவெளியைத் தாங்குவதற்கு ஒருவர் வேண்டும். மொத்த வியாபாரி அதனைத் தாங்குகிறார். கோரைக்குப் பணம் தருகிறார், பெருநாளுக்கு முன்பணம் தருகிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவில் கதவைத் தட்டினாலும் தருகிறார். தந்தபிறகு, பாயின் விலையைச் சொல்லுகிற உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. நம் சீர்திருத்தக்காரர்கள் அவரை ரத்தம் உறிஞ்சுகிறவர் என்று ஏசுவது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அவர் செய்கிற காரியத்தை நாம் செய்வதற்கு முன்வராதவரையில் அவரை ஏசுவதற்கு நமக்கு யோக்கியதை கிடையாது.

அவ்வூரில் தறியின் முன் இருந்த ஒரு முதிய அம்மையாரிடம், வெளியூர்க்காரர்கள் வழக்கமாகச் சொல்லுகிறபடியே, பாய் மிக அழகாயிருக்கிறது என்று நானும் சொல்லிவைத்தேன். அவர் குச்சியை நிறுத்தாமலே, “அழகாத்தான் இருக்கு அண்ணாச்சி, எல்லாரும் சொல்லுதாங்க, ரூவா என்னைக்கு வரும்னு சொல்லத்தான் ஒருத்தரையும் காணோம்” என்றார்.

நியாய வணிகத்தின் உயிர்நிலை அந்த அம்மையாரின் வாக்கியத்திலே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். காப்பிக்கும் தேயிலைக்கும் வாழைப்பழத்துக்கும் குறைந்தபட்ச விலை என்று ஒன்றை உலக அளவிலே நிர்ணயித்துவிடலாம். ஒரு மூட்டைக் காப்பிக்கொட்டையும் அடுத்த மூட்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கைப்பொருளில் அது சாத்தியமில்லை. 50 கவுண்ட் பாயும் 120 கவுண்ட் பாயும் ஒரே அளவினவாக இருந்தாலும் ஒரே விலைக்கு உரியன ஆகமாட்டா. ஆகையினாலேதான், உலக நியாய வணிக ஸ்தாபனம் தன் விதிகளில், கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுக்கிறவர், உற்பத்தி செய்பவர் கேட்டால், குறைந்தது பாதித் தொகையை வட்டியில்லாமல் முன்பணமாகத் தரவேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. அந்த ஸ்தாபனத்தின் பத்துக் கோட்பாடுகளில் மற்றவற்றை நாம் மறந்துபோனாலும், இந்த ஒன்றை மட்டும் சுவரில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். காத்திருக்கிற பாரத்தை வறியவள் தோளிலிருந்து எடுத்து, தாங்கக்கூடியவன் தோளுக்கு மாற்றுவது இந்த விதி. மற்றவையெல்லாம் இதிலிருந்து தாமாகவே வளரக்கூடியன.

இங்கே, தென்காசிப் பக்கத்துப் பெண்களுக்கு முயற்சி தொடங்க விரும்புகிற இளைஞர்கள் அநேகமாகப் பார்க்கத் தவறுகிற ஒன்றைச் சொல்லவேண்டும். நம்முடைய கைத்தொழிலுக்குப் போட்டி விசைத்தறிப் பாயும் பிளாஸ்டிக் பாயும் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். வாங்குகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரி. உழைக்கிற பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் போட்டி பீடிதான். கடையம், ஆழ்வார்குறிச்சி, பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையநல்லூர் என்று எந்தத் திசையில் போனாலும், மத்தியானப் பொழுதில் திண்ணைதோறும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளைத் தூவி, சுருட்டி, நூலைச் சுற்றுகிற பெண்களைக் காண்கிறோம். புகையிலைத் தூள் நெஞ்சில் ஏறும்; முதுகு வலிக்கும்; கடைக்குக் கொண்டுபோனால் கழிவு என்று ஒரு பிடியை ஒதுக்குவார்கள். இவ்வளவும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் சுற்றுகிறார்கள் என்றால், ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு உண்டு. வாரம் திரும்பினால் காசு உண்டு. இலையும் தூளும் கம்பெனி தருவதால் கைமுதல் வேண்டியதில்லை.

அது மட்டுமன்று. பீடித் தொழிலாளர் தொழிற்சங்கம் வைத்து நெடுநாள் போராடியதன் பயனாக 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென்று பார்லிமெண்டு ஒரு தனிச் சட்டமே இயற்றியது. வீட்டில் இருந்து சுற்றுகிறவளையும் அந்தச் சட்டம் தொழிலாளி என்று அங்கீகரித்தது. கழிவு பற்றிய தகராறுக்கும் அதிலே இடம் இருந்தது. பிறகு வைப்பு நிதியும் வந்தது. தேகத்துக்குக் கேடு செய்கிற தொழிலில் இருப்பவளுக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு, கண்காட்சிகளில் விளக்கேற்றிப் புகழப்படுகிற கலைத்தொழிலில் இருப்பவளுக்குக் கிடைக்கவில்லை என்பது வெட்கப்படத் தக்க விஷயம். அவளைக் கலைஞர் என்று நாம் கொண்டாடுகிறோம். அந்தக் கொண்டாட்டத்திலேயே அவள் தொழிலாளியும் ஆவாள் என்பது மறந்துபோகிறது. ஆகவே, ஒருவர் எத்தனை உயர்ந்த நோக்கத்தோடு கைத்தொழிற் கூடம் தொடங்கினாலும், பீடிக்கடை தருகிற வாரக் காசின் ஒழுங்கை அவரால் தர முடியாதென்றால், ஒரு மாதத்துக்குமேல் பெண்கள் அங்கே தங்கமாட்டார்கள். தங்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது.

சரி, தொடங்குவது எப்படி? தமிழ்நாட்டிலேயே கண்கண்ட உதாரணங்கள் இருக்கின்றன. தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கி மலைப்பள்ளத்தாக்கில், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் ஒரு சில மூதாட்டியரின் விரல்களில் மட்டும் எஞ்சியிருந்தது. அங்கே ஆஸ்பத்திரி நடத்திவந்த டாக்டர் லலிதா ரெஜி, அந்த மூதாட்டியரையே ஆசிரியைகளாக அமர்த்தி, இளம்பெண்களுக்குக் கற்பிக்கச் செய்து, போர்கை என்னும் அமைப்பை உருவாக்கினார். செட்டிநாட்டில் பனையோலைக் கொட்டான் முடைவதும் ஓர் அறக்கட்டளையின் முயற்சியால் அப்படியே மறுபடி உயிர்பெற்றது. இரண்டிலும் நான் கவனித்த ஒற்றுமை என்னவென்றால், வெளியிலிருந்து ஒரு புதுத் தொழிலைக் கொண்டுவந்து இறக்கவில்லை. அந்த மண்ணில் விளைகிற பொருளையும் அந்தக் கைகளுக்குத் தெரிந்த வேலையையும் தேடிப் போனார்கள். மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, காகிதப்பூ என்று எங்கும் ஒரே பாடத்தை நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிற பயிற்சி முகாம்களைப் பார்த்தால் எனக்குச் சலிப்புத்தான் உண்டாகிறது. முகாம் முடிந்த மறுநாள் மெழுகை எங்கே வாங்குவது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. வர்த்தியை எங்கே விற்பது என்று முகாம் நடத்தினவருக்குத் தெரியாது.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பாய் கடையில் ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறது என்று பேச்சுக்காக வைத்துக்கொள்வோம். அதில் கோரைக்கு எவ்வளவு, நூலுக்கும் சாயத்துக்கும் எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, கடைக்காரருக்கு எவ்வளவு, நெய்தவளுக்கு எவ்வளவு என்பதை ஒரு காகிதத்தில் எழுதிப் பாயோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லுவேன். குமரப்பாவைப் போன்ற தணிக்கைக்காரர் ஒருவர் இருந்தால் இதையேதான் முதலில் செய்யச் சொல்லியிருப்பார். நெய்தவளும் அதைப் படிக்கவேண்டும், வாங்குகிறவரும் படிக்கவேண்டும். கீறுகிற நேரத்தையும் ஊறவைக்க ஆற்றுக்கு நடக்கிற நேரத்தையும் கூலியில் சேர்க்க மறந்துபோவது நம் கணக்குகளின் பரம்பரை வியாதி. தறியில் உட்கார்ந்த மணிகளை மட்டும் எண்ணிவிட்டு, மற்றதெல்லாம் வீட்டு வேலையோடு வேலை என்று தள்ளிவிடுகிறோம். இமயத்திலும் இதே கதைதான். ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுத்து நூலாக்கும் பொழுது கணக்கில் வருவதில்லை, பின்னல் மட்டுமே வருகிறது.

‘பத்தமடைப் பாய்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. பெயரைக் காப்பாற்றச் சட்டம் வந்தது நல்லதே. ஆனால் அந்தப் பெயர் தனக்குத்தானே ஒரு பெண்ணுக்கும் கோரை வாங்கிக் கொடுப்பதில்லை. சீசன் காலத்தில் குற்றாலத்துக் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். சிப்ஸ் வாடையும் தலைக்கு வைத்த எண்ணெய் வாடையும் கலந்து வீசுகிற அந்தத் தெருவில், ரம்புட்டானுக்கும் மங்குஸ்தானுக்கும் நடுவே, ஓலைப்பெட்டிகளும் மரச்சொப்புகளும் சுருட்டி நிறுத்திய பாய்களும் இருக்கின்றன. அருவியில் குளித்து ஈரத்தலையோடு வருகிற நம்மவர், சிப்ஸ்காரர் சொன்ன விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டுப் பாய்க்காரரிடம் பாதிக்குக் கேட்கிறார். கடைக்காரரும் பாதிக்குக் கேட்பார் என்று எதிர்பார்த்தே விலையைச் சொல்லியிருக்கிறார். இந்த நாடகத்தில் இருவருக்கும் நஷ்டமில்லை. மேடையில் இல்லாத ஒருத்திக்குத்தான் நஷ்டம்.

இரக்கத்தினால் வாங்குவதையும் நான் ஆதரிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏழைப் பெண் செய்ததாயிற்றே என்று ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். அவர் வாங்கின பை பரண்மேல் கிடக்கும். ஓரம் பிரிகிற பாயை ஓரம் பிரிகிறது என்று சொல்லித் திருப்பித் தருகிறவரே அந்தத் தொழிலுக்கு நீடித்த உபகாரம் செய்கிறவர். ஆனால் எது பிழை, எது பிழையன்று என்பது ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்தில் இருக்கவேண்டும். முடிந்த பிறகு நிறம் சற்று வேறாயிருக்கிறது என்று விலையில் பிடிப்பதற்கும், பீடிக்கடையில் கழிவு ஒதுக்குவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கோரை மண்ணில் விளைகிற புல். ஒவ்வோர் அறுப்பிலும் அதன் சாயம் பிடிக்கும் சுபாவம் சிறிது மாறத்தான் செய்யும்.

இந்த வேலையைத் தங்கள் பெண்மக்கள் கற்கவேண்டும் என்று அந்தத் தாய்மார் விரும்புகிறார்களா என்று என்னைக் கேட்பீர்களானால், பெரும்பாலும் விரும்பவில்லை என்பதே உண்மையான விடை. பெண் காலேஜுக்குப் போகவேண்டும், உத்தியோகம் பார்க்கவேண்டும் என்கிறார்கள். அதில் நாம் குறைசொல்ல ஒன்றுமில்லை. கலை அழியக்கூடாது என்பதற்காக ஒருத்தி தறியிலேயே கிடக்கவேண்டும் என்று நாற்காலியில் இருந்து பேசுகிற நமக்குச் சொல்ல அதிகாரம் கிடையாது. தறியில் கிடைக்கிற காசு கௌரவமாக இருந்தால், படித்த பெண்களில் சிலர் தாமாகவே திரும்பி வருவார்கள். வராவிட்டாலும் அது அவர்கள் இஷ்டம்.

இனி, இந்தச் சபையில் இருப்பவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். இதற்குச் சங்கம் பதிவுசெய்ய வேண்டியதில்லை, வெளிநாட்டுப் பணம் வேண்டியதில்லை. உங்களில் பலருடைய வீடுகளில் அடுத்த தை, மாசிக்குள் கல்யாணம் நடக்கப்போகிறது. மண்டபத்துக்கும் சமையற்காரருக்கும் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறீர்கள். நாதஸ்வரக்காரருக்கு அதற்கு முன்பே. பாய்க்கு மட்டும் பத்திரிகை அச்சாகி வந்த பிறகே ஆள் அனுப்புகிறீர்கள். அப்போது போனால், முன்னமே நெய்து வைத்த பாயின் ஓரத்தில் அவசரமாகப் பெயரைச் சேர்த்துத் தருவார்கள், இல்லாவிட்டால் இடைக்காரர் ஒருவர் எங்கிருந்தோ வாங்கித் தருவார். முகூர்த்தம் குறித்த அன்றே பத்தமடைக்குப் போங்கள். எத்தனை கவுண்ட், என்ன நிறம், பெயர்கள் எந்த எழுத்தில், எந்தத் தேதிக்கு வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, நெய்யப்போகிற அம்மாளின் கையிலேயே கொடுத்து, பாதிப் பணத்தையும் அப்போதே எண்ணி வைத்துவிட்டு வாருங்கள். கோரை வாங்குவதற்கு அவர்கள் வேறொருவர் வாசலுக்குப் போகவேண்டியிராது. மீதியைப் பாய் வாங்கப் போகிற அன்றே கொடுத்துவிடுங்கள். கல்யாணச் செலவெல்லாம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள்.